பரிசின் மேல் பொறித்த பெயர்

தோற்றவன் ஊர் திரும்பும் வழி மிகவும் நீளமானது. சென்ற பருவத்தில் அதை நான் நன்றாக அளந்து பார்த்தேன்.

நம் பல்கலைக் கழகக் கால்பந்தாட்டக் குழு தென் மண்டலப் போட்டிக்குச் சென்றதும், கால் இறுதி வரை முன்னேறியதும், அங்கே ஒரே ஒரு கோலில் தோற்றுத் திரும்பியதும் நண்பர்கள் அறிந்த செய்தியே. அந்தக் குழுவில் நானும் ஒருவன். இடப்புறத்தில் நின்று தடுத்தாடுபவன். அந்த ஒரு கோல் என் பக்கமாகத்தான் வந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. இரவு ரயிலில் ஏறியது முதல் பெங்களூர் வந்து சேரும் வரை எங்களில் எவரும் எவரோடும் பேசவில்லை.

விதி இதுதான். நாட்டிலுள்ள பல்கலைக் கழகங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடங்களைப் பெறும் குழுக்களே அகில இந்தியச் சுற்றில் ஆடலாம். கால் இறுதியில் வென்றவர் நால்வர்; அவர்களுக்கு வாயில் திறக்கும். தோற்றவர் நால்வர், அவர்களுக்கு ரயில் காத்திருக்கும். நாங்கள் ரயிலேறினோம்.

ஊர் வந்ததும் விடுதியில் வாதம் கிளம்பிற்று. தெற்கே பல்கலைக் கழகங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. நான்கு இடம் என்பது மட்டும் ஏன் நான்காகவே நிற்க வேண்டும், எட்டாக்கினால் என்ன என்று கேட்டனர் சிலர். எட்டானால் பரிசின் மதிப்பு என்னாவது என்று மடக்கினர் வேறு சிலர். வாதம் முற்றவே, நம் தமிழ் மன்றச் செயலாளர் அண்ணன் அதையே சொற்போருக்குத் தலைப்பாக்கிவிட்டார். இடங்களைப் பெருக்கக் கூடாது என்னும் கட்சியில் பேச என் பெயரைப் போட்டார். தோற்று வந்தவனே வாயிலைத் திறக்காதே என்று வாதாடினால் அவையில் சுவை கூடும் என்பது அவர் கணக்கு.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்தே இருந்தது. தோற்றவனுக்கும் ஒரு செருக்கு உண்டு. இரக்கப்பட்டுக் கொடுக்கும் இடம் எனக்கு வேண்டாம் என்று நெஞ்சு நிமிர்த்திக் கொண்டேன். சான்றுகள் திரட்டத் தொடங்கினேன்.

கடல் கடந்து அமெரிக்காவிலும் இதே வழக்கு நடப்பதைக் கண்டேன். அவர்கள் கால்பந்து என்று சொல்வது பெரும்பாலும் கையில் பந்தை ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அதில் பல்கலைக் கழகங்களுக்கிடையே பருவ முடிவில் நடக்கும் பட்டப் போட்டிக்கு 2014 முதல் 2023 வரையிலான பருவங்களில் நான்கு குழுக்களையே தேர்ந்தெடுத்தார்கள். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். முதற் சுற்றின் நான்கு ஆட்டங்களிலும் வென்றவர் பத்துப் புள்ளிகளோ அதற்கு மேலோ முந்தி வென்றனர். போட்டி என்று சொல்லத்தக்க போட்டியே இல்லை. இதோ என் கட்சிக்குச் சான்று என்று மகிழ்ந்தேன். மேலே படித்தபோது மகிழ்ச்சி குறைந்தது. முதற் சுற்றில் ஆடாமலே கால் இறுதிக்கு அனுப்பப்பட்ட முதல் நான்கு குழுக்களும் அந்தக் கால் இறுதியிலேயே தோற்றன. 2025 ஜனவரி 20ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் மோதியவை, அட்டவணையில் 8ஆம் இடத்தில் வைக்கப்பட்ட ஓஹயோ மாநிலப் பல்கலைக் கழகமும், 7ஆம் இடத்தில் வைக்கப்பட்ட நோட்டர் டேம் பல்கலைக் கழகமும். ஓஹயோ 34-23 என்று வென்றது. பழைய விதி நின்றிருந்தால் இவ்விரண்டும் வாயிற்படியிலேயே நின்றிருக்கும். அதோடு அங்கே வாதம் ஓய்ந்ததா என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டு போதாது, பதினாறு வேண்டும், இருபத்து நான்கு வேண்டும் என்று குரல்கள் எழுந்தன.

இந்தச் சான்று இருபுறமும் வெட்டும் கத்தி. ஆகவே வேறு ஏதேனும் பெருமித மொழியோடு பேச்சைத் தொடங்கலாம் என்று எண்ணினேன். நாம் விரும்பிச் சென்று, கிட்டாமல் திரும்பிய அந்தப் பரிசு யார் பெயரால் வழங்குகிறது? பல்கலைக் கழகங்களுக்கிடையே நடக்கும் ஆடவர் கால்பந்துப் பரிசு, சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயர் தாங்கியது. அவர் பந்தாடிப் புகழ் பெற்றவர் அல்லர். பின் யார்? இரண்டு வரி குறித்துக் கொள்ளலாம் என்று நூலகத்துக்குள் நுழைந்தேன். மாலை மணி அடித்து வெளியேறச் சொல்லும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

அசுதோஷ் 1864 ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கங்கா பிரசாத் பவானிபூரில் புகழ் பெற்ற மருத்துவர், தாய் ஜகத்தாரிணி. பிள்ளையின் நாட்டமெல்லாம் கணக்கில் சென்றது. கல்லூரியில் கால் வைத்த சிறிது காலத்திலேயே, யூக்ளிடின் தேற்றம் ஒன்றுக்குத் தாம் கண்ட நிறுவலை எழுதியனுப்ப, 1881இல் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கணித இதழ் அதை வெளியிட்டது. 1885இல் கணிதத்தில் எம்.ஏ.; மறு ஆண்டே இயற்பியல் துறையில் மற்றொரு எம்.ஏ.; அதே ஆண்டில் பிரேம்சந்த் ராய்சந்த் உதவிப் பரிசு. நம்மில் பலர் எந்தப் பாடம் எடுப்பது என்று திகைத்து நிற்கும் வயதில் அவர் எடின்பரோ ராயல் சங்கத்தின் உறுப்பினராகிவிட்டார்.

இத்தகைய மாணவருக்கு நாடு என்ன வழி திறந்து வைத்திருந்தது? அங்கேதான் கதை தொடங்குகிறது. அரசாங்கக் கல்வித் துறையில் வேலை தர முன்வந்தனர். ஆனால் அத்துறையில் வெள்ளையருக்கு ஒரு நிலை, இந்தியருக்கு அதனினும் தாழ்ந்த நிலை. சமநிலை இல்லாத இடத்தை அவர் ஏற்கவில்லை. பல்கலைக் கழகத்திலேயே கணித ஆராய்ச்சிக்கு ஒரு பதவி உண்டாக்கி அவரை அமர்த்த, அந்நாளில் துணை வேந்தராக இருந்த குருதாஸ் பானர்ஜி முயன்றார். பணம் திரளவில்லை. அக்காலப் பல்கலைக் கழகம் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அலுவலகமாகவே இருந்தது. ஆராய்ச்சியாளனுக்கு அங்கே இருக்கை இல்லை. கணிதப் புலி வழக்கறிஞர் அங்கியை மாட்டிக் கொண்டு உயர் நீதிமன்றம் சென்றது. பிற்காலத்தில் வங்கத்துப் புலி என்று மக்கள் அழைத்தார்களே, அந்தப் புலியின் நெஞ்சில் தைத்த முதல் முள் இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

வழக்குத் தொழிலில் அவர் குறைவுற்றார் அல்லர். 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம். 1904இல் உயர் நீதிமன்ற நீதிபதி. 1920இல் சிறிது காலம் தலைமை நீதிபதிப் பொறுப்பு. இருந்தும் அவர் மனம் பல்கலைக் கழகத்தை விட்டு அகலவே இல்லை. 1889இல், 25 வயது நிரம்பும் முன்பே, அதன் ஆட்சிக் குழுவில் இடம் பெற்றார். 1906இல் துணை வேந்தரானார். அது ஊதியமில்லாப் பதவி. பகலெல்லாம் நீதிமன்றம், மாலையில் பல்கலைக் கழகம். இப்படியே 1914 வரை எட்டு ஆண்டுகள்.

அவர் பதவியேற்ற வேளையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கர்சன் பிரபு 1904இல் பல்கலைக் கழகச் சட்டம் கொண்டு வந்திருந்தார். உயர் கல்வி பெருகுவதைக் கட்டுப்படுத்தி அரசாங்கத்தின் பிடியை இறுக்கவே அச்சட்டம் வந்தது என்று நாட்டுப் பற்றுடையோர் கொதித்தனர். அதே சட்டத்தில் பல்கலைக் கழகம் தானே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி வளர்க்கலாம் என்று ஒரு சிறு கதவும் இருந்தது. அசுதோஷ் அந்தக் கதவில் கை வைத்தார். பூட்டுவதற்கென்று செய்த சாவியைக் கொண்டே அவர் திறந்துவிட்டார்!

திறந்தது ஒரு கதவு அன்று, இரண்டு. கீழே நுழைவு வாயிலை அகலமாக்கினார். அவர் காலத்தில் நுழைவுத் தேர்வில் தேறியவர் தொகை பெருகிற்று. மாணவர் வெள்ளமாக வந்தனர். மேலே, அதுவரை இல்லாத மாடிகளைக் கட்டினார். முதுகலைத் துறைகள் பல எழுந்தன. தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் லட்சக் கணக்கில் வாரி வழங்கிய கொடையைக் கொண்டு, 1914 மார்ச்சில், தம் பதவிக் காலம் முடியும் தறுவாயில், அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். இளமையில் தமக்குக் கிட்டாத இருக்கையைப் பிறருக்காக வரிசை வரிசையாகப் போட்டு வைத்தார்.

அந்த இருக்கைகளில் அமர்ந்தவர் யார் யார்? திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த ஒரு தமிழர், அரசாங்க நிதித் துறையில் பெரிய அதிகாரியாகக் கல்கத்தாவில் இருந்தார். அலுவலக நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்தில் கழித்தார். அவரைப் பாலித் பேராசிரியராக்க அசுதோஷ் விரும்பினார். அப்பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. இவரோ வெளிநாடு சென்றதில்லை, செல்லவும் இசையவில்லை. தகுதி நேரே நிற்க, விதி குறுக்கே நின்றது. அசுதோஷ் விதியை விலக்கினார். 1917இல் குறைந்த ஊதியத்துக்கு அந்தத் தமிழர் பேராசிரியராக வந்தார். அவரே சி. வி. ராமன். 1930இல் நோபல் பரிசு பெற்று, 1933இல் நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக வந்து, 1970இல் மறையும் வரை இவ்வூரிலேயே வாழ்ந்த அதே ராமன்.

அப்போதுதான் எம்.எஸ்ஸி. முடித்திருந்த சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா என்னும் இரண்டு இளைஞரையும் அவர் விரிவுரையாளராக அழைத்துக் கொண்டார். பின்னாளில் உலக அறிவியல் ஏடுகளில் இவர்கள் பெயர் நிலைத்தது.

நம் மாநிலத்தோடும் அவருக்கு உறவு உண்டு. மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916இல் தோன்றியது. நம் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் அன்று அதன் உறுப்பாக இருந்தது. 1918இல் அதன் முதல் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியவர் அசுதோஷே. மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த, திருத்தணியில் பிறந்த எஸ். ராதாகிருஷ்ணனை 1921இல் கல்கத்தாவுக்கு அழைத்துத் தத்துவப் பேராசிரியராக அமர்த்தினார். அவருக்கும் வெளிநாட்டுப் பட்டம் கிடையாது. மாணவர்கள் அவர் அமர்ந்த வண்டியைத் தாமே இழுத்துச் சென்று ரயிலேற்றினார்கள் என்பது மைசூர் இன்றும் மறவாத செய்தி. கல்கத்தாவில் அதே தத்துவ இருக்கையில் முன்பிருந்த பிரஜேந்திரநாத் சீல் அவ்வாண்டே மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் துணை வேந்தராக வந்தார். கொடுத்ததும் உண்டு, கொண்டதும் உண்டு.

எல்லோரும் போற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். பட்டத்தை மலிவாக்கிவிட்டார் என்று பழித்தவர் பலர். வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் போன்ற பெரியவர்களே முதுகலைத் துறைகள் நடக்கும் முறையைக் குறை கூறி எழுதினர். அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. துறைகள் பெருகப் பெருகச் செலவும் பெருகிற்று. பல்கலைக் கழகம் கடனில் ஆழ்ந்தது. பட்டம் பெற்றும் வேலையின்றித் திரிந்த இளைஞர் வங்கத்தில் பலர் இருந்தனர். திறந்த வாயிலுக்கு விலை உண்டு. அந்த விலையை அவர் அறிந்தே ஏற்றார்.

1921இல் மீண்டும் துணை வேந்தரானார். பல்கலைக் கழகம் பணமின்றித் தவித்த அந்நாளில், அரசாங்கம் நிபந்தனைகளோடு உதவி தர முன்வந்தது. நிபந்தனையோடு வரும் பணம் வேண்டாம் என்று பேரவையில் முழங்கினார். 1923இல் ஆளுநர் லிட்டன் பிரபு, அரசாங்கத்தோடு ஒத்துப் போவதானால் பதவி நீடிக்கலாம் என்று எழுதினார். அசுதோஷ் மறுத்தெழுதிய கடிதம் நாடெங்கும் பரவிற்று. வாயிலைத் திறந்து வைப்பதற்காகக் கடன் பட்டவர், அதே வாயிலில் காவலனாக அரசாங்கம் வந்து நிற்பதற்கு மட்டும் உடன்படவில்லை.

ஊருக்கு உபதேசம், வீட்டுக்கு வேறு என்று வாழ்ந்தவரும் அல்லர். இளம் வயதில் கைம்பெண்ணான தம் மகள் கமலாவுக்கு 1908இல் மறுமணம் செய்து வைத்தார். சுற்றமும் சாதியும் சீறின. சமூகம் அடைத்த கதவையும் அவர் தம் வீட்டிலேயே திறந்தார்.

நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பின் மீண்டும் வழக்கறிஞராகி, டும்ராவ் வழக்குக்காகப் பாட்னா சென்றிருந்தபோது, 1924 மே 25ஆம் நாள் அங்கேயே திடீரென்று மறைந்தார். அறுபது நிறைய ஒரு மாதமே குறை. அவர் மறைந்த சில நாட்களில், அவர் தேடிப் பிடித்த போஸ், டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குத் தம் புகழ் பெற்ற கட்டுரையை அனுப்பினார். நான்கு ஆண்டு கழித்து, 1928இல், ராமன் விளைவு வெளிப்பட்டது. நட்டவர் காணாத கனிகள் அவை. அவர் ஆசையோடு சேர்த்த 80,000க்கு மேற்பட்ட நூல்களைக் குடும்பத்தார் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு வழங்கினர். அங்கும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம்.

நண்பர்களே, இதைப் படித்து முடித்தபோது என் பேச்சுக் குறிப்பு எனக்கே கசந்தது. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் என் தந்தை, எங்களூர்க்காரர் ஆயிரக் கணக்கானோரைப் போல, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார். நான் இப்பல்கலைக் கழகத்தில் சேர்ந்தது முதற் பட்டியலில் அன்று, இரண்டாவதிலும் அன்று. சில இடங்களைக் கூட்டிய பின் வந்த கடைசிப் பட்டியலில். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தகுதி குறைந்துவிட்டது என்று எவரேனும் அன்று வாதாடியிருந்தால்? வாதாடியும் இருப்பார்கள். அப்படி உள்ளே வந்தவனா இன்று வாயிலைத் திறக்காதே என்று மேடையேறப் போகிறான்?

செயலாளர் அண்ணனிடம் சென்று கட்சியை மாற்றித் தரக் கேட்டேன். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது தம்பி, இனி முடியாது என்று சிரித்தார். மேடையேறினேன். கொடுத்த கட்சிக்கு வஞ்சனையின்றிப் பேசினேன். அவை கை தட்டிற்று. வாக்கெடுப்பில் என் கட்சியே வென்றது! கால்பந்தில் தோற்றபோது வராத வெட்கம் அந்த வெற்றியில் வந்தது. ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எட்டு இடம் வேண்டும் என்பதே இன்று என் கருத்து. ஆனால் எட்டு என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. அசுதோஷ் வாயிலை அகலமாக்கியதோடு நின்றிருந்தால் பழித்தவர் சொல்லே மெய்யாகியிருக்கும். அவர் மாடியையும் உயர்த்தினார். கீழே பலர் நுழைய, மேலே ராமன்களும் போஸ்களும் வளர்ந்தனர். அதுபோல, கூடுதல் குழுக்களை அழைத்தால் அவர்களுக்கு நல்ல ஆடுகளமும், தேர்ந்த பயிற்சியாளரும், ஆட்டங்களுக்கிடையே ஓய்வு நாளும், தவறவிட்ட தேர்வை மீண்டும் எழுத வழியும் உண்டாக்கித் தர வேண்டும். அவை இன்றி இடத்தை மட்டும் பெருக்கினால் களைத்த கால்களின் எண்ணிக்கையே பெருகும்.

வந்தபின் தகுதியை நிறுவ வேண்டியது நம் கடமை. களத்தில் எவரும் எவருக்கும் கோல் தானமாகத் தருவதில்லை. 1968இல் தோன்றிய கோழிக்கோடு பல்கலைக் கழகம் 1971இலேயே இந்தப் பரிசை வென்றது. நேற்று வந்த குழந்தை என்று அதற்கு வாயிலை அடைத்திருந்தால் நட்டம் யாருக்கு?

அடுத்த பருவப் பயிற்சி தொடங்கிவிட்டது. விதி இன்னும் நான்கு என்றே நிற்கிறது. வாதம் நடக்கட்டும், நடந்தே தீர வேண்டும். அதுவரை இடப்புறத்தில் வரும் பந்தைத் தடுப்பது என் வேலை. அந்தப் பரிசை ஒருநாள் கையில் ஏந்த நேர்ந்தால், முதலில் அதன் மேல் பொறித்த பெயரைத் தொட்டுப் பார்ப்பேன்.